பெசன்ட் நகர்: கடலுக்கு நேரெதிர் பிளாட்டா, நாலு தெரு உள்ளேயா?

மணற்கரை கேட்டது:

பெசன்ட் நகரில் பழைய பிளாட் ஒன்று வாங்குவதென்று முடிவாகிவிட்டது. கையில் இரண்டு இருக்கின்றன. ஒன்று 6ஆவது அவென்யூவில் கடலுக்கு நேரெதிரே, மூன்றாம் மாடி, 1994இல் கட்டியது. பால்கனிக்கு எதிரே ரோடு, மணல், தண்ணீர், அவ்வளவுதான். மற்றது நாலு தெரு உள்ளே, இரண்டாம் மாடி, 2006 கட்டடம், கடல் தெரியாது. இரண்டும் மூன்று படுக்கையறை, பரப்பளவும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் வீட்டுக்குச் சதுர அடிக்குக் கால் பங்கு கூடுதலாகக் கேட்கிறார்கள்.

கூடவே எழுபதைத் தாண்டிய பெற்றோரும் வருவார்கள். அந்தக் கால் பங்குக்கு என்ன கிடைக்கிறது? உப்புக்காற்று உப்புக்காற்று என்று பயமுறுத்துகிறார்களே, அது எதை அரிக்கும், செலவு எங்கே வரும்? தண்ணீர் எப்படி? டோக்கன் கொடுக்கும் முன் எந்தெந்தக் காகிதம் பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கடல் பார்த்த வீடு கொடுத்து வைக்க வேண்டும்" என்ற பாட்டைத் தரகர் ஏற்கெனவே பாடிவிட்டார்.

---

கொண்டல்:

விலையைப் பிரித்துப் பாருங்கள். பெசன்ட் நகர் விலையின் பெரும்பகுதி கடலால் வந்ததே இல்லை. வீட்டுவசதி வாரியம் அளந்து போட்ட மனைகள், அகலமான அவென்யூக்கள், நிழல் மரங்கள் ஒரு காரணம். வடக்கே பிரம்மஞான சபைத் தோப்பு, தெற்கே திருவான்மியூர் பக்கம் கலாக்ஷேத்ரா, இரண்டு பெரிய பச்சை வளாகங்கள் இன்னொரு காரணம். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, தரகர் யாரும் அதைச் சொல்ல மாட்டார்: இது முட்டுச்சந்து. கிழக்கே கடல். வடக்கே அடையாறு முகத்துவாரம். அங்கிருந்த பாலம் 1977இல் உடைந்து இன்றுவரை உடைந்தே நிற்கிறது. ஆக, வேறு ஊருக்குப் போகிற வண்டி எதுவும் இந்த வழியாகப் போவதில்லை. வருகிறவர்கள் இங்கே வருவதற்காகவே வருகிறார்கள். அந்தப் பாலத்தைத் திரும்பக் கட்டி கலங்கரை விளக்கத்தோடு இணைக்கும் பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. என்றைக்காவது நடந்தால் முதலில் குணம் மாறப்போவது 6ஆவது அவென்யூதான்.

மேலே சொன்ன அத்தனையும் உங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. கூடுதல் கால் பங்குக்குக் கிடைப்பது காட்சி மட்டும்தான். காற்று என்று நினைக்காதீர்கள். கடல்காற்று பல கிலோமீட்டர் உள்ளே போகக்கூடியது, நாலு தெருவில் களைத்துப்போய் நின்றுவிடாது. அதைத் தடுப்பது தூரமல்ல, எதிர்வீட்டுச் சுவர். உள்வீட்டில் கிழக்கு அல்லது தென்கிழக்கில் ஜன்னல் இருக்கிறதா, அதற்கு எதிர்ப்பக்கம் மேற்கில் வெளியேற வழி இருக்கிறதா என்று பாருங்கள். நுழைய மட்டும் வழி இருந்து வெளியேற வழி இல்லாவிட்டால் காற்று உள்ளே வராது. மதியம் இரண்டு மணிக்கு மேல் போய், எல்லா ஜன்னலையும் திறந்து, கூடத்தின் நடுவில் ஊதுவத்தி ஏற்றினால் புகையே சொல்லிவிடும். ஜூன், ஜூலையில் போனால் ஒன்று கவனிக்க வேண்டும். மேற்கே இருந்து கச்சான் பலமாக வீசும் நாளில் கடல்காற்று மாலை வரை வராது, சில நாள் வரவே வராது. அதை வைத்து வீட்டைக் குறை சொல்ல முடியாது.

சத்தத்துக்கு வருவோம். சனி, ஞாயிறு மாலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை கடற்கரைச் சாலை ஊருக்கே சொந்தம். ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் பாதயாத்திரைக் கூட்டமும் ஒலிபெருக்கியும் தெரு அடைப்பும் உண்டு, காரை வெளியே எடுப்பதே ஒரு வேலை. டிசம்பர் 31 இரவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முதல் வீட்டைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் போய் பால்கனிக் கதவைச் சாத்தி, உள்ளறையில் பேசிப் பாருங்கள்.

பெற்றோருக்கு எது வசதி என்றால், லிஃப்ட் உள்ள எதுவும் வசதிதான். காலை நடைக்கு இரண்டு வீட்டிலிருந்தும் கடற்கரை நடைபாதை பக்கம். பஸ் நிலையம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 23சி, 29சி இரண்டும் இங்கிருந்தே கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும், வயதானவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ரயில் வேண்டுமென்றால் இந்திரா நகர் அல்லது திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் வரை ஆட்டோ. மெட்ரோ மூன்றாம் வழித்தடத்துக்குத் திட்டமிட்ட பாதையும் அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகத்தான் போகிறது, பெசன்ட் நகருக்குள் வரவில்லை.

மீன் சாப்பிடுகிற வீடு என்றால் ஊரூர் குப்பம் நடக்கிற தூரம். விசைப்படகுத் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஃபைபர் படகுகள் போகத்தான் செய்யும். வரத்து குறைவு, விலை அதிகம், ஆனால் ஐஸில் கிடந்த மீனாக இருக்காது.

---

கவர்பிளாக்:

உப்பு விஷயத்தில் கொண்டல் சொன்னதற்கு நேர்மாறு. காற்று உள்ளே வரை வரும், உப்புத் துளி வராது. அலை உடையும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை கரையிலிருந்து முதல் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும். அப்புறம் அளவு சட்டென்று இறங்கும். முதல் வரிசைக் கட்டடங்கள் பின்வரிசைக்கு வடிகட்டி வேலையும் பார்க்கின்றன. எனவே நாலு தெரு என்பது பெரிய வித்தியாசம்.

அதைவிட முக்கியம் கட்டிய வருடம். 1994இல் கட்டியது, ஐஎஸ் 456 என்ற இந்திய கான்கிரீட் விதிநூலின் 1978 பதிப்புக் காலத்துக் கட்டடம். அப்போது எம்15 கான்கிரீட் போடலாம் (எண் கூடக்கூட வலிமை கூடும்). ஸ்லாபில் கம்பிக்கு அடியில் 15 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், இருந்தால் போதும் என்பதுதான் பொது வழக்கம். 2000 பதிப்பு கடலோரத்தில் வெளிக்காற்றுபடும் கான்கிரீட்டுக்கு எம்30, கவர் 45 மில்லிமீட்டர், நீர்-சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.45 என்கிறது. அலைத்துளி நேரே படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். இரண்டு காலத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி உங்களுக்கே தெரிகிறது. 2006 கட்டடம் புதிய விதிப்படி இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடப்பது இதுதான். உப்பிலுள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊறிக் கம்பியை எட்டுகிறது. கம்பியைச் சுற்றியுள்ள காரத்தன்மை தந்த பாதுகாப்புப் படலம் உடைகிறது. துரு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட் அந்த அழுத்தத்தைத் தாங்காமல் கம்பியின் போக்கிலேயே நீள வெடிப்பு விடும், பிறகு சிப்பு சிப்பாக விழும். வெளியே தெரியும்போது உள்ளே வேலை நன்றாகவே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

பார்க்கும்போது கூடத்தையும் சமையலறையையும் விடுங்கள், புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். பார்க்க வேண்டியது பால்கனி ஸ்லாபின் அடிப்பக்கம், சன்ஷேடின் நுனி, ஸ்டில்ட் பார்க்கிங்கில் (கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிற்கும் இடம்) தூண்களின் அடி ஒரு மீட்டர், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் பீம்கள், லிஃப்ட் மெஷின் அறையின் கூரை. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'டங்' என்று சொல்லும், உள்ளே பிரிந்தது 'டொப்' என்று சொல்லும். ஒரே இடத்தில் மட்டும் பூச்சு நிறம் மாறியிருந்தால் அங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

அதற்கு மேல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வைத்து மூன்று சோதனை செய்யச் சொல்லுங்கள். கவர் மீட்டர் வைத்துக் கம்பியின் ஆழம். அரைக்கல மின்னழுத்தம், செம்பு-செம்பு சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். பிறகு, 25 மில்லிமீட்டர் வரை ஒன்றும் 25இலிருந்து 50 வரை ஒன்றுமாகத் துளையிட்ட தூளில் குளோரைடு அளவு. புதுக் கான்கிரீட்டுக்கே கன மீட்டருக்கு 0.6 கிலோதான் வரம்பு. கம்பியின் ஆழத்தில் அதைத் தாண்டியிருந்தால் மேல்பூச்சு எதுவும் உதவாது. ரீபவுண்ட் சுத்தியல் ஒன்றை மட்டும் வைத்து அடித்துவிட்டு "ஸ்ட்ராங்காக இருக்கிறது" என்று அறிக்கை கொடுப்பவரை நம்ப வேண்டாம். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும், துருவைச் சொல்லாது.

சரிசெய்வதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. விழுந்த இடத்தில் மட்டும் சிமென்ட் அப்புவார்கள். இரண்டு மழைக்குப் பின் அந்த ஒட்டைச் சுற்றி வட்டமாகப் புது வெடிப்பு வரும். புது ஒட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக ஆனதும், பக்கத்திலுள்ள பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி நேர்முனையாகி வேகமாக அரிக்கிறது என்பதே காரணம். முறையான வேலை இப்படி: முதலில் முட்டுக் கொடுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். பிரிந்த கான்கிரீட்டை வெட்டியெடுத்து, கம்பிக்குப் பின்னாலும் 20-25 மில்லிமீட்டர் இடம் வரும்வரை போக வேண்டும், பக்கவாட்டில் துருவில்லாத கம்பி தெரியும் வரை நீட்ட வேண்டும். கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி ஓவர்லாப் வைத்துக் கட்ட வேண்டும். துத்தநாக பிரைமர், ஒட்டுப்பூச்சு, பாலிமர் கலந்த மோர்ட்டார் அடுக்கடுக்காக, ஒரேயடியாகக் கெட்டியாக அப்பாமல். ஏழு நாள் ஈரம் காய விடாமல் வைப்பது, அதாவது கியூரிங். கடைசியில் கட்டடம் முழுதும், காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டில் ஊறுவதை (கார்பனேற்றம்) தடுக்கும் அக்ரிலிக் பூச்சு. இத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கியூரிங்குக்குக் கீழே உள்ள உப்பு போர்த் தண்ணீரை அடிக்கும் ஆட்கள் உண்டு. அப்படிச் செய்தால் செலவழித்துக் குளோரைடை உள்ளே ஏற்றியதாகும்.

முக்கியமான கேள்வி, அசோசியேஷனிடம் இதற்கு நிதி இருக்கிறதா? உங்கள் பிளாட்டை மட்டும் நீங்கள் சரிசெய்துகொள்ள முடியாது. தூணும் பீமும் எல்லோருக்கும் பொது. கடந்த மூன்று வருடக் கணக்கு கேளுங்கள். மாதாமாதம் வாட்ச்மேன் சம்பளத்துக்கும் கரண்டுக்கும் வசூலித்துச் சேமிப்பே இல்லாத அசோசியேஷன் என்றால், அந்தக் கடல் காட்சிக்கான விலையில் இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்கிறது.

---

ஸ்பேனர்:

வீட்டுக்குள் என்ன கெடும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். முதலில் போவது ஏசியின் வெளி யூனிட். அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அதுவே ஒரு பேட்டரி, அலுமினியம் மாவாக உதிரும். கடல் பார்த்த பால்கனியில் வெளி யூனிட்டை வைக்காதீர்கள். கட்டடத்தின் மேற்கு முகத்தில், சுவர் மறைவில் வையுங்கள், குழாய் நீளம் கூடினாலும் பரவாயில்லை. மாதம் ஒருமுறை ஏசிக்கான எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டுச் சாதாரணத் தோட்டக் குழாயில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கார் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிக் காற்றே போகாது. தகட்டில் நீலப் பூச்சு உள்ள மாடல் கொஞ்சம் தாங்கும், கழுவாமல் விட்டால் அதுவும் போகும். தாங்கும் பிராக்கெட் பெயின்ட் அடித்த இரும்பாக இருக்கக் கூடாது. மூன்றாம் மாடியிலிருந்து யூனிட் விழுந்தால் கீழே ஆள் நடக்கிற இடம். ஹாட்-டிப் கால்வனைஸ் செய்தது அல்லது ஸ்டெயின்லெஸ்.

ஸ்டெயின்லெஸ் என்றதும் 304 என்ற ரகத்தைத் தலையில் கட்டுவார்கள். கடல் முகத்தில் அது டீக்கறைபோல் பழுப்பேறும். 316 கேளுங்கள், மாலிப்டினம் சேர்ந்தது. பால்கனிக் கைப்பிடி, கிரில் போல்ட், யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னலின் திருகு எல்லாமே. யுபிவிசி துருப்பிடிக்காதுதான், ஆனால் அதற்குள் இருக்கும் இரும்புத் தண்டும் வெளியே உள்ள திருகும் கீலும் பிடிக்கும். தள்ளு ஜன்னலைவிட வெளியே திறக்கும் ஜன்னல் நல்லது. தள்ளு ஜன்னலின் அடித் தடத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், மணலும் உப்பும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு அடிக்கும் மழை நேரே கூடத்துக்குள் வரும். ஜன்னலைக் குறை சொல்வார்கள். செப்டம்பரில் ஒரு குச்சியால் குத்திவிட்டிருந்தால் போதும்.

கேஸ் அடுப்பு பர்னர், ஃபிரிட்ஜின் பின்பக்கம், வாசல் காலிங்பெல், சீலிங் ஃபேன் பிளேடு திருகு எல்லாம் உள்தெருவைவிடச் சீக்கிரம் போகும். பூட்டுக்கு எண்ணெய் விடாதீர்கள், மணலைப் பிடித்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் போடுங்கள். பால்கனி பிளக் பாயின்ட் மூடியுள்ள, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 வகையாக மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரமான இரவுகளில், மின்கசிவைக் கண்டால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும்.

---

வில்லங்கம்:

காகிதம் என் பங்கு.

கடலோர ஒழுங்குமுறை மண்டல (சிஆர்இசட்) அறிவிக்கை முதலில் வந்தது 1991 பிப்ரவரி 19. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் எல்லை. பெசன்ட் நகர்போல ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகர்ப்பகுதி சிஆர்இசட் 2 வகை. அங்கே, ஏற்கெனவே இருந்த சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம், கடற்பக்கமாக முடியாது. இதில் உங்களுக்கு இரண்டு சேதி இருக்கிறது.

முதலாவது, உங்கள் முதல் வீடு 1994 கட்டடம், அறிவிக்கைக்குப் பிந்தியது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தந்த திட்ட அனுமதியின் தேதியைப் பாருங்கள். அங்கீகரித்த வரைபடத்தில் மூன்றாம் மாடி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அனுமதி இரண்டு மாடிக்கு வாங்கி மூன்றாவது பிற்பாடு முளைத்த கட்டடங்கள் இந்த நகரத்தில் அபூர்வமில்லை. பத்திரம் பதிவாகியிருப்பது கட்டடம் முறையானது என்பதற்குச் சான்று ஆகாது, பதிவாளர் அதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சேதி நல்லது. 6ஆவது அவென்யூவுக்குக் கடற்பக்கம் சட்டப்படி புதிதாக அடுக்ககம் எழும்ப முடியாது. ஆகவே அந்தக் காட்சி நிலைக்கும். இரண்டாம், மூன்றாம் வரிசையில் "கடல் தெரியும்" என்று விற்கிற வீட்டில் அப்படி இல்லை. முன்னால் உள்ள பழைய தனிவீடு இடிந்து ஸ்டில்ட் போட்டு நாலு மாடி வந்தால் காட்சி அன்றோடு சரி, யாரும் நஷ்டஈடு தரமாட்டார்கள். கடல் காட்சிக்குக் காசு கொடுப்பதென்றால் முதல் வரிசையில் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டு வீட்டுக்கும் சர்வே எண்ணைக் கடலோர மேலாண்மை வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். அதிகாரப்பூர்வமாக வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அளந்து 1:4000 வரைபடம் தரும். 500 மீட்டருக்குள் விழுந்தால், நாளைக்கு இடித்துக் கட்ட மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வரை கோப்பு போக வேண்டிவரும். "பழைய கட்டடம்தான், ரீடெவலப்மென்ட் வரும், இரண்டு மடங்கு ஆகும்" என்ற ஆசை வார்த்தையை அந்த வரைபடம் பார்க்காமல் விலையில் சேர்க்காதீர்கள். தமிழ்நாடு அடுக்ககக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வந்தபின் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட முடியும், எல்லோரும் கையெழுத்துப் போடத் தேவையில்லை. அது நல்லதுதான். ஆனால் கூடுதலாக எவ்வளவு கட்டலாம் என்பதைச் சம்மதம் தீர்மானிக்காது.

மற்றவை வழக்கமானவை, ஆனால் ஒன்றையும் தாண்டாதீர்கள். வாரிய மனையாக இருந்தால், வாரியம் முதல் ஒதுக்கீட்டாளருக்கு எழுதிக்கொடுத்த விற்பனைப் பத்திரம் இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வைத்துக்கொண்டு கைமாறிய மனை என்றால் அங்கேயே நில்லுங்கள். வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் எடுக்கலாம், அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் பிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள், எல்லா பிளாட்டுகளின் யுடிஎஸ்ஸையும் கூட்டினால் மனையின் பரப்புக்கு மேல் போகக் கூடாது. போயிருக்கும் கட்டடங்கள் உண்டு. கார் நிறுத்துமிடம் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, வாய்வார்த்தையா? மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

---

ஊற்று:

தண்ணீரை யாரும் தொடவில்லையே.

அந்தப் பகுதி முழுக்க மணல் மேடு. மழை பெய்தால் தேங்காமல் உடனே இறங்கும், நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஒரு படலமாக உப்புநீரின் மேல் மிதக்கும். கணக்கு ரொம்ப எளிது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி நன்னீர் நிற்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழேயிருந்து நாற்பது அடி உப்பு ஏறும். ஆழமாக போர் போட்டு இரண்டு குதிரைசக்தி மோட்டாரில் நிறுத்தாமல் இழுக்கும் அடுக்ககங்கள் தங்கள் கிணற்றைத் தாங்களே கெடுத்துக்கொள்கின்றன. இந்த மண்ணுக்கு ஏற்றது ஆழமில்லாத உறைகிணறு, அரைக் குதிரைசக்தி மோட்டார், விட்டு விட்டு ஓட்டுவது. சிஆர்இசட் எல்லைக்குள், அதுவும் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள், நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். முதல் வீட்டில் "போர் இருக்கிறது சார்" என்று பெருமையாகச் சொன்னால் எந்த அனுமதியில் என்று கேளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003இலேயே கட்டாயமாகிவிட்டது. இருக்கிறதா என்று பார்க்காமல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். 300 சதுர மீட்டர் மொட்டைமாடி, வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் கிணற்றுக்குப் போக வேண்டும். மாடிக் குழாய் நேராகத் தெருவில் திறந்திருந்தால் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அக்கறை இல்லை.

குடிநீர் வாரியத் தண்ணீர் தென்சென்னைக்கு நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும் வருகிறது: 2013இல் தொடங்கியது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் தொடங்கியது 15 கோடி லிட்டர். 2019 கோடையில் நாலு ஏரியும் வறண்டபோது இருந்த நிலைமை அதனால் மாறியிருக்கிறது. ஆனாலும் சம்பின் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) கொள்ளளவைக் கேளுங்கள், இரண்டு நாளுக்காவது தாங்க வேண்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன், செலவே இல்லை. தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரை எடுத்துப் போங்கள். வாரியக் குழாயின் வாயில் ஒரு அளவு, சம்பில் ஒரு அளவு, வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு அளவு. வாரியத் தண்ணீரைவிட சம்பில் அதிகம் காட்டினால் போர்த் தண்ணீர் கலக்கிறார்கள், அல்லது சம்ப் வெடித்து நிலத்தடி உப்புநீர் உள்ளே கசிகிறது. இரண்டாவதாக இருந்தால் கவர்பிளாக் சொன்ன அத்தனையும் பூமிக்கடியில் நடந்துகொண்டிருக்கிறது.

---

மணற்கரை:

இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். சுனாமி, புயலுக்கு முதல் வரிசையில் எவ்வளவு பயப்பட வேண்டும், காப்பீடு கிடைக்குமா? கட்டமைப்புச் சோதனைக்கு முதல் வீட்டு அசோசியேஷன் "துளை போட விடமாட்டோம்" என்கிறது. என்ன செய்வது?

---

கொண்டல்:

2004 டிசம்பர் 26இல் அடிபட்டவை மணலையொட்டிய குப்பங்கள். மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு உயிர்ப்பயம் குறைவு, ஓடத் தேவையில்லை, மேலே இருந்தால் போதும். நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்கக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஹைதராபாதில் முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. கெடப்போவது தரைத்தளத்தில் உள்ளவை: கார், ஜெனரேட்டர், மீட்டர் பெட்டி, சம்ப். மின்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புயல் அதைவிட அடிக்கடி வருவது. 2016 வர்தாவில் இந்தப் பக்கம் விழுந்த மரங்களை நினைத்தால், காருக்கு மேலே எந்தக் கிளை இருக்கிறது என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

பெற்றோர், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது வேறு. இந்தக் கடல் குளிக்க ஏற்றதல்ல. கரை சரிந்து இறங்குகிறது, இழுப்பு நீரோட்டம் உண்டு. எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னமே 1930இல் இங்கே பிறரைக் காப்பாற்றப் போய் மூழ்கியவருக்காக எழுப்பியது.

முதல் வரிசைக்குப் போனால் இன்னொன்று. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைத் தேடும், பால்கனி விளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும். அந்த மாதங்களில் இரவு கடற்பக்க விளக்கை அணைத்து வையுங்கள்.

---

வில்லங்கம்:

காப்பீடு கிடைக்கும். 2021 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் தர வேண்டிய பொதுப் பாலிசி 'பாரத் கிரிஹ ரக்ஷா'. புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் அடக்கம். காப்பீட்டுத் தொகை வாங்கிய விலைக்கு அல்ல, கார்பெட் பரப்பை (சுவர்களுக்கு உள்ளே உள்ள தரைப் பரப்பு) சதுர அடிக்கான கட்டுமானச் செலவால் பெருக்கி வரும் தொகைக்கு. மண்ணுக்குக் காப்பீடு கிடையாது. கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, வீட்டுப் பொருளுக்குத் தானாகவே சேரும். ஆனால் மெல்ல அரிக்கும் துருவுக்கு எந்தப் பாலிசியும் பணம் தராது. கடலோரத்தில் நிச்சயமாக நடக்கப்போவது அதுதான் என்பதைக் கவனியுங்கள்.

---

கவர்பிளாக்:

துளை வேண்டாம் என்றால் துளையில்லாத சோதனையிலிருந்து ஆரம்பியுங்கள். கவர் மீட்டர், சுத்தியல் தட்டு, ஸ்டில்ட் தூண்களில் மீயொலி வேகம், மூன்றுக்கும் துளை தேவையில்லை. அரைக்கலச் சோதனைக்குக் கம்பியில் ஒரு இணைப்பு வேண்டும். ஏற்கெனவே உதிர்ந்து கம்பி வெளியே தெரியும் இடம் இருந்தால் அங்கேயே கொடுக்கலாம், இல்லாவிட்டால் ஒரு சின்ன உடைப்பு போதும். குளோரைடு தூளுக்கும் விற்பவரின் பால்கனி ஸ்லாபின் அடியில் விரல்நுனி அளவு துளை போதும், பின்பு மோர்ட்டாரால் அடைத்துவிடலாம். விற்பவர் சம்மதித்தால் அவர் பால்கனியில் அசோசியேஷன் பெரிதாகத் தடுக்காது. அதற்கும் மறுத்தால், முன்பே யாரோ சோதித்து அறிக்கை வாங்கியிருக்கிறார்களா என்று பொதுக்குழு நடவடிக்கைப் புத்தகத்தைப் பாருங்கள்.

உள்வீட்டிலும் அதே சோதனைகளைச் செய்யுங்கள், 2006 என்பதால் விட்டுவிடாதீர்கள். அங்கே கூடுதலாக ஒன்று: பக்கத்து மனையில் பழைய தனிவீடு இருக்கிறதா? அது இடிந்து பேஸ்மென்ட் தோண்டினால் மணலில் தண்ணீரை நாள்கணக்கில் இறைப்பார்கள். தண்ணீரோடு மணலும் போனால் உங்கள் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கும். அப்படி வேலை தொடங்கினால், தொடங்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு படமெடுத்து, வெடிப்புகளில் கண்ணாடிப் பட்டை ஒட்டிவைத்து, பக்கத்து பில்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.